ஐம்பத்தாறாவது கோடு

அணில் பார்க்கப் போகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. இருமினால் போச்சு. புளியமர உச்சியில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நரை அணில் அடுத்த மரத்துக்குத் தாவும். அங்கிருந்து அதற்கடுத்த மரம். அப்படியே கிளை வழியாகவே மலைக்குள் போய்விடும். அதற்கப்புறம் அன்றைக்குப் பூராவும் வெறும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடம் செண்பகத்தோப்பு. 1988இல் இந்த அணிலுக்காகச் சரணாலயம் என்றார்கள். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் என்றார்கள். போர்டில் புலி ஏறிவிட்டது, தோப்பில் இன்னும் அணில் ராஜ்யம்தான். காட்டழகர் கோயிலுக்குப் போகிற பாதை, பேச்சியம்மன் கோயில், பளியர் குடியிருப்பு, அதற்குக் கீழே மாவும் தென்னையுமாகத் தோப்புகள். அதில் ஒரு தோப்பின் வேலிக்கு வெளியே பாழடைந்த கிணறு ஒன்று. அதன் திட்டுதான் என் இடம். பங்குனிக் கடைசியில் ஆரம்பித்துச் சித்திரை முழுக்க, ஒருநாள் விட்டு ஒருநாள், விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவேன்.

வேலிக்குள்ளே பம்புசெட் ரூம். அதை ஒட்டி ஓலைத் தாழ்வாரம். காவல்காரப் பெரியவரும் அவர் வீட்டுப் பாட்டியும் அங்கேதான் குடித்தனம். பரீட்சை முடிந்து பேத்தி வந்திருந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ இருக்கும். பெரியவர் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். நானும் அசைப்பேன். எங்கள் பழக்கம் மொத்தமும் அவ்வளவுதான்.

நாய் வெள்ளச்சி. ராஜபாளையம் ஜாதிப் பெட்டை. பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, சவுக்கு மாதிரி வால். 2005இல் இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது நான்கில் ஒன்றாக இந்த இனமும் இடம்பெற்றது. அதனால் வெள்ளச்சிக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. காட்டுப்பன்றியை விரட்டிவிட்டு வந்தால் ஒரு கும்பா கஞ்சி, அதுதான் அவளுக்குச் சம்பளம். காது கேட்காது. இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறக்கும்போதே அப்படி. பெரியவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். குதிகாலால் தரையில் ஒரு மிதி மிதிப்பார். எங்கே படுத்திருந்தாலும் தலை நிமிரும்.

அன்றைக்கு மிதித்தார். தலை நிமிரவில்லை.

இன்னொரு மிதி. கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பாட்டி போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. பைனாகுலரை அணிலிடமிருந்து இறக்கி அங்கே திருப்பினேன். மல்லாத்திப்போட்ட வயிற்றில், அந்த ரோஸ் தோலில், கடுகு தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். மூக்கோரம் காய்ந்த ரத்தம் ஒரு கோடு. காதுமடலின் உட்புறம் உண்ணி, திராட்சைக் கொத்து மாதிரி.

பேத்தி யாருக்கோ போன் போட்டாள். "எடை தெரிஞ்சாத்தான் மருந்து எழுதத் தோதா இருக்குமாம் தாத்தா." மாட்டாஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள் போல. பெரியவர் யோசிக்கவே இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு மாங்காய்ப் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றார். 79. இறக்கி வைத்துவிட்டுத் தனியாக ஏறினார். 59. "இருவது" என்றார். மாங்காய்ப் பெட்டிக்குக் கழிவு பார்த்துப் பழகிய வாய்.

சப்பட்டை மாங்காய் ஏற்ற வந்த குட்டியானை வண்டியில் நாயைப் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மரத்திலும் ஒன்றுமில்லை.

மறுநாள் முறை இல்லாவிட்டாலும் போனேன். தாழ்வாரத்தில் பேத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். உண்ணிக்காய்ச்சல். டாக்சிசைக்ளின் 100. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. 28 நாள். பிறகு ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குத்தான்.

"இருவத்தெட்டு நாளா?" பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. "மனுசனுக்கே அஞ்சு நாளுதான் குடுக்குறான்."

தராசுக் கணக்கு வீண்போகவில்லை. இந்த மருந்துக்கு நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. இருபது கிலோவுக்கு நூறு. கையால் தூக்கிப் பார்த்து முப்பது இருக்கும் என்று சொல்லியிருந்தால் மாத்திரை ஒன்றரை ஆகியிருக்கும்.

மாத்திரை அட்டையின் முதுகில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்துக்கு அந்த அடையாளம். அதை ஜனங்களுக்குச் சொல்ல 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் இயக்கமே நடத்தியது. பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்துபோய் அடுப்புக்கரி எடுத்துவந்தார். பம்புசெட் ரூமின் சுண்ணாம்புச் சுவரில், கண் மட்டத்தில், ஒரு கோடு போட்டார். மாங்காய்ப் பெட்டிக்குப் போடுகிற அதே கோடு. நாலு நெட்டுக்கு ஒரு குறுக்கு, ஒரு கட்டு.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னைத் திட்டில் இருந்து எழவைத்தது.

மடித்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். பால்கோவா. மஞ்சள் பூத்த, நெய் கசிகிற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. நெல்லிக்காய் அளவு கிள்ளி, நடுவில் மாத்திரையை அழுத்தி, உருட்டி, வெள்ளச்சியின் மூக்குக்குக் கீழே பிடித்தார். இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடாதவள் நக்கினாள். விழுங்கினாள். பாட்டி முகத்தைத் தூக்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்த ஊரில் பிரியத்துக்கு அதைவிட நல்ல உருவம் கிடையாது. கல்யாணத்துக்கு அது, பேரன் பிறந்தால் அது, ஊருக்குப் போகிறவன் கையில் அது. ஆனால் இந்த மருந்துக்கு அது ஆகாது. பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து டாக்சிசைக்ளினைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து ரத்தத்தில் ஏறாமல் குடல் வழியே வெளியே போய்விடும். பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு இது மோசமில்லை. இருந்தாலும் குறையும். பால்கோவா என்பதோ பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி எடுத்தது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், படித்துத் தெரியவில்லை. பட்டுத் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுப் பூனைக்கு இதே மாத்திரையை வாயைத் திறந்து உள்ளே தள்ளி, சாமர்த்தியமாக முடித்துவிட்டேன் என்று கையைத் தட்டிக்கொண்டேன். பின்னாலேயே ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிட்டது. புண் ஆறி, ஆறிய இடம் சுருங்கி, இரண்டு மாதம் அது கஞ்சித் தண்ணீரைத்தான் விழுங்கியது. பூனைக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் உடனே ஐந்தாறு மில்லி தண்ணீரோ கொஞ்சம் ஈரச் சாப்பாடோ உள்ளே போக வேண்டும் என்பதை அப்போதுதான் தேடிப் படித்தேன். பாலைப் பற்றியும் அங்கேதான்.

ஆகவே தெரியும். வேலி பத்தடி. சொல்லியிருக்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மட்டை முறிகிற சத்தம். அணில். உட்கார்ந்துவிட்டேன். அணிலைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்று எழுதுவதுதான் நேர்மை.

மூன்றாம் நாளும் பால்கோவாதான்.

ஐந்தாம் நாள் போனபோது பொட்டலத்தைக் காணோம். பெரியவர் பாட்டியைக் கடிந்துகொண்டிருந்தார். "பாலு, தயிரு, கோவா எதுவும் கிட்ட வரக் கூடாதாம். டாக்டரு சத்தம் போட்டுட்டாரு." பொட்டலம் வாங்கி வந்தவர் அவர், உருட்டியவர் அவர், திட்டு வாங்குவது பாட்டி. பாட்டி பதில் சொல்லாமல் ரசம் விடாத வெறும் சோற்றை ஒரு கை எடுத்தாள். கோழிக்கறி வேகவைத்த தண்ணீரில் பிசைந்து மூன்று உருண்டை பிடித்தாள். முதல் உருண்டை வெறும் உருண்டை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவது திரும்ப வெறும் உருண்டை. முதலாவதில் சந்தேகம் போகும், மூன்றாவதின் அவசரத்தில் இரண்டாவது உள்ளே போகும். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளை வளர்த்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு தண்ணீர்ச் சட்டி. வெள்ளச்சி குடித்து முடிக்கிறவரை பாட்டி நகரவில்லை.

நான் இத்தனை வருஷம் எவ்வளவோ பறவை, அணில் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர்ச் சட்டி அளவுக்கு எதுவும் மனசில் நிற்கவில்லை.

எல்லா நாளும் உருண்டை செல்லவில்லை. ஏழாம் நாள் வெள்ளச்சி கண்டுபிடித்துவிட்டாள். சோற்றை நக்கியெடுத்து மாத்திரையை மட்டும் தரையில் துப்பி வைத்தாள், பச்சரிசியில் கல் பொறுக்கியதுபோல. பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்தார். காது கேட்காத நாய்க்குக் கைதான் பாஷை. உள்ளங்கையை விரித்து மாத்திரையைக் காட்டினார். ஒளிக்கவில்லை. இடது கையை மூக்குக்கு மேலாகக் கொடுத்து மேல்தாடையைப் பிடித்தார். தலையை ரொம்ப அண்ணாத்தவில்லை, கொஞ்சம்தான் தூக்கினார். வலது கையின் நடுவிரலால் கீழ்த்தாடையை இறக்கி, மாத்திரையை நாக்கின் நடுக்கோட்டில், எட்டுகிற தூரம் உள்ளே வைத்தார். வாயை மூடினார். தொண்டையை மேலிருந்து கீழாக நீவினார். காத்திருந்தார். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒருதரம் நக்கியது. "எறங்கிருச்சு" என்றார்.

டானிக் மட்டும் தகராறு. ரத்தம் ஊற இரும்புச்சத்து டானிக் ஒரு பாட்டில் எழுதியிருந்தார்கள். பாட்டிக்கு எல்லாவற்றையும் காலையிலேயே கழித்துவிட்டால் நிம்மதி. மாத்திரை கொடுத்த கையோடு பாட்டிலை எடுத்தாள்.

"அப்பத்தா, அது மத்தியானம்."

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தானடி போவுது?"

"அங்க போயித்தான் சண்ட போட்டுக்குமாம். ரெண்டு மூணு மணி நேரமாச்சும் எடவெளி வேணுமாம்."

சுண்ணாம்பைவிட இரும்பு இந்த மருந்தை இறுக்கமாகவே பிடிக்கும். பேத்தி சீட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு சூரியன் போட்டிருந்தாள், டானிக்குக்கு. மாத்திரைக்கு ஒரு சேவல், ஒரு பிறை. படிக்காத அப்பத்தாவுக்கு இது போதும். ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் ஒரு தப்பு நடந்தது. பன்றிக் காவலுக்குப் போய்விட்டு வந்த அலுப்பில் பெரியவர் வெறும் வயிற்றிலேயே மாத்திரையைக் கொடுத்துவிட்டார். கால்மணி நேரம் இருக்கும். வெள்ளச்சி முதுகை வளைத்து மஞ்சள் நுரையாகக் கக்கினாள். நுரைக்கு நடுவில் மாத்திரை முழுசாக, மேல்பூச்சு மட்டும் கரைந்து கிடந்தது. பெரியவர் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையும் நுரையையும் மாறிமாறிப் பார்த்தார். கோடு போடுவதா, அழிப்பதா? பேத்தி போனில் கேட்டாள். முழு மாத்திரை வெளியே வந்திருந்தால் கொஞ்சம் சோறு வைத்து, அது தங்கினால் இன்னொன்று கொடுக்கலாம் என்று பதில் வந்தது. மாத்திரை கணக்குக்கு ஒன்று கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலைக்குச் சுவரில் கோடு ஒன்றுதான்.

பெட்டி ஏற்ற வந்த லோடுமேன் ஒருவர் நாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "தாத்தா, உங்க மூட்டுவலி மாத்திர ஒண்ணு பாதியா ஒடச்சுப் போடுங்க. காச்ச பறந்துரும்." பெரியவர் மடியிலிருந்து அட்டையை எடுத்தே விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பச் செருகிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. மனிதரின் வலி மாத்திரைகள் பல நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். ரத்தம் உறைய வேண்டிய தட்டணுக்களே குறைந்து வயிறெல்லாம் புள்ளி விழுந்திருக்கும் நாய்க்கு அது எமன். பூனைக்கோ ஒரு பாராசிட்டமாலே போதும், உயிரை எடுக்க. ஒருவருக்கு மருந்து இன்னொருவருக்கு நஞ்சு என்பதற்கு இந்த மலைக்கு மேலே வானத்தைப் பார்த்தால் போதும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அவற்றை அழித்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள். கழுகு அதற்குள் பெரும்பாலும் காலியாகியிருந்தது.

உண்ணி பொறுக்குவது பாட்டியின் வேலை. காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். விரலால் நசுக்க மாட்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவாள். ஒருநாள் எண்ணிக்கொண்டே வந்தேன், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். டாக்டர் கொடுத்த உண்ணி மருந்தும் முதுகில் விட்டாயிற்று. தாழ்வாரத்துச் சுவர் வெடிப்புகளுக்குப் பெரியவர் சாந்து பூசினார். உண்ணி அங்கேதான் முட்டை வைக்கும். மாத்திரை நாய்க்குள்ளே இருப்பதைத்தான் பார்த்துக்கொள்ளும், சுவரில் இருப்பதை யார் பார்ப்பது?

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு வெள்ளச்சி வேறு நாய். குதிகால் மிதிக்கு முன்பே தலை நிமிர்ந்தது. கும்பாவை நக்கி உருட்டினாள். பதினைந்தாம் நாள் காலை, நான் மூன்று வாரமாகக் காத்திருந்த அணில் மாமரத்தில் தாழ இறங்கி வந்தது. வெள்ளச்சி ஒரே பாய்ச்சல். அணில் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

"போதும்" என்றார் பெரியவர். "சரியாப் போச்சு. மிச்ச மாத்திரைய வெள்ளாட்டுக்கு வச்சுக்கலாம். நேத்துலேருந்து கழிச்சலு."

நோய் போனதும் மருந்தை மிச்சம் பிடிப்பது வறுமை சொல்லிக்கொடுத்த சிக்கனம். அதைக் கிண்டல் செய்ய எனக்குத் தைரியமில்லை. ஆனால் இந்த நோயின் சூட்சுமமே இங்கேதான். உண்ணி கொண்டுவரும் இந்தக் கிருமி ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். வெளியே நாய் துள்ளும், உள்ளே கிருமி பதுங்கியிருக்கும், மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜை வரை போய்த் திரும்ப வரும். 28 நாள் என்பது துள்ளலுக்கு அல்ல, பதுங்கலுக்கு. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, குறைவான அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். இதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நான் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பேசியது பாட்டி.

தயிர்ப்பானையைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"போன வருசம் மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டம்ல. நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"அப்ப பால் ஒறஞ்சுச்சா?"

பெரியவர் பேசவில்லை.

"மூணு நாளு ஒற மோர ஊத்தி ஊத்திப் பாத்தேன். தண்ணியாவே கெடந்துச்சு. ஊசி மருந்து பாலுக்குள்ள வந்து ஒற மோரக் கொன்னுபோட்டுச்சுன்னு சொன்னாங்கள்ல? ஆட்டு வயித்துக்குள்ளயும் ஒற மோரு மாதிரி என்னமோ இருக்கப்போயித்தான் அது தழயத் தின்னு அசபோடுது. அதுல இதப் போட்டா என்னாகும்?"

கரித்துண்டு பெரியவர் கையிலேயே நின்றது.

ஆட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன, தழையை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுபவை அவைதான், அசைபோடும் பிராணிக்கு வாய்வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவை செத்து ஆடு தீனியெடுக்காமல் போகும் என்று கால்நடை மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். பாட்டி அதைத் தயிர்ப்பானைக்குள் வைத்துச் சொல்லிவிட்டாள். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று இந்த மருந்துக்குத் தெரியாது என்பதை இதைவிடத் துலக்கமாக நான் கேட்டதில்லை. மனிதருக்கு விற்கிற டாக்சிசைக்ளின் மாத்திரைகளில் சிலவற்றில் லாக்டிக் பாசில்லஸ் சேர்த்தே அடைக்கிறார்கள். பாட்டி சொன்ன அந்த உறைமோர்போலவே லாக்டிக் அமிலம் உண்டாக்குவதுதான் அது.

அதோடு பேத்தி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தாள். வீட்டின் மிச்ச மாத்திரைகள். மெடிக்கலில் கத்தரிக்கோலால் இரண்டு மூன்றாக வெட்டிக் கொடுத்த துண்டுகள். வெட்டியதில் பெயர் ஒரு பக்கம் போயிருக்கும், காலாவதித் தேதி மறு பக்கம். பழுப்பேறிய மாத்திரை ஒன்றைப் பெரியவர் முகர்ந்து பார்த்தார். நாள்பட்டுக் கெட்ட டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 1960களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். டப்பாவோடு எழுந்து ஓடைப் பக்கம் நடக்கத் தொடங்கியவரைப் பேத்தி மறித்தாள். "கொரங்கு எடுத்துத் திங்கும் தாத்தா." ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடலாம் என்று ஒரு பையில் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டினாள். வெள்ளாட்டை மத்தியானம் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

கோடுகள் கட்டுக் கட்டாக வளர்ந்தன. ஐந்து, ஆறு, ஏழு. நான் போகாத நாட்களுக்கும் சுவர் எனக்குக் கணக்குச் சொன்னது. இருபத்தோராம் நாள் விடியலில் போனேன். பாதையில் லத்தி, ஆவி பறக்க. வேலி இரண்டு இடத்தில் படுத்துக்கிடந்தது. நாலு தென்னங்கன்று குருத்தோடு போயிருந்தது. ராத்திரி யானை வந்து பம்புசெட் ரூமுக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவிலேயே நின்றிருக்கிறது. நாயைக் குரைக்கவிடாமல் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் தாழ்வாரத்துக் கட்டிலுக்குப் பின்னால். மாத்திரை அட்டை ரூமுக்குள். எடுக்கப் போக முடியவில்லை.

காலையில் பெரியவர் இரண்டு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தார்.

"தாத்தா, விட்டத விட்டதுன்னு விடணும். ரெண்டாச் சேத்துக் குடுக்கக் கூடாது."

"யாரு சொன்னது?"

"சீட்டுல இருக்கு."

ஒன்றைத் திரும்ப டப்பியில் போட்டார். ஒரு கோடு போட்டார். யானைக்கு எதுவும் போடவில்லை.

இருபத்தொன்பதாம் நாள், என் கடைசி நாள். லீவு முடிகிறது; அணில் கணக்கில் மொத்தம் பதினொரு தடவை பார்த்திருக்கிறேன், ஒரே ஒருமுறை கிட்டத்தில். பெரியவர் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாலு நெட்டு ஒரு குறுக்கு, நாலு நெட்டு ஒரு குறுக்கு. பதினொரு கட்டு. ஒன்றுகூடத் தொக்கி நிற்கவில்லை.

"கட்டு சரியாப் போச்சு தாயி. முடிஞ்சது."

பேத்தி ரூமுக்குள்ளிருந்து வந்தாள். டப்பியைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கிலுங்கியது.

"பதினோரு கட்டுன்னா அம்பத்தஞ்சு. இன்னும் ஒண்ணு."

யானை வைத்துவிட்டுப் போன மாத்திரை. அதையும் கொடுத்துவிட்டு ரத்தம் பார்க்கக் கூட்டிவரச் சொல்லிவிட்டார் டாக்டர். பாட்டி மூன்று உருண்டை பிடித்தாள். வெள்ளச்சி மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுத் தண்ணீர்ச் சட்டிக்குத் தானே போனாள்.

பெரியவர் குனிந்து கரித்துண்டை எடுத்தார். பதினோராவது கட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு ஒற்றைக் கோடு ஒன்று போட்டார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"கோவாவ உருட்டுன அன்னைக்கு எந்திரிச்சு நின்னீங்களே. சொல்லியிருக்கலாம்ல?"